மச்சானின் பாந்தர்

என் மனைவியின் தம்பிக்கு மட்டும் ஒரு வால் இருந்திருந்தால், அந்த வருஷம் அதைப் பெருமையில் சுழற்றியே மிருகக்காட்சிசாலையின் மின்விசிறிகளுக்கெல்லாம் விடுமுறை கொடுத்திருப்பான். கலைந்துபோன ஒரு சர்க்கஸிலிருந்து வந்த கறுப்பு மிருகத்தை அவன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பக்கத்துக் கூண்டு என்னுடையது. அதில் ஒரு பெண் சிறுத்தை, மஞ்சளில் புள்ளி போட்டவள், மகா சோம்பேறி. அவள் ஒரு கொட்டாவி விட்டால் எதிர் பெஞ்சில் இருக்கும் மொத்தக் குடும்பமும் தூங்கிவிழும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தடவை பாப்கார்ன் விற்கிறவரும் விழுந்தார்.

சர்க்கஸ் காகிதத்தில் ‘பாந்தர்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. மச்சானுக்கு அது போதும்.

“அத்தான், உங்களுது சிறுத்தை. ஊருக்கு நாலு கெடக்கும். என்னுது பாந்தர். இனமே வேற.”

“ரெண்டும் ஒரே வாளிக் கறியத்தானடா திங்குது?”

“கறி ஒண்ணுதான். மெல்லுற தோரணையப் பாருங்க.”

வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் அவன் அளந்த கதையில் அந்த மிருகத்தின் சொந்த ஊர் நாளுக்கு நாள் தூரமாகிக்கொண்டே போனது. கடைசியில் ஏழு கடலுக்கு அப்பால், மழை நிற்கவே நிற்காத ஒரு பெருங்காட்டில், முதலைகளோடு மல்லுக்கட்டி வளர்ந்தது என்று ஆயிற்று. கதை எனக்கும் பிடித்துப்போனது. இரண்டு முதலைகளை நானே என் கணக்கில் சேர்த்துக் கொடுத்தேன்.

மத்தியானங்களில் அந்தக் கட்டடமே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருக்கும். கழுவிவிட்ட தரையிலிருந்து ஈரம் எழும்பும். வைக்கோல் வாசனை கண்ணிமையை அழுத்தும். கறுப்பன் மூலையில் படுத்திருப்பான். அவனைப் பார்க்க முடியாது. போன ராத்திரியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து அங்கே மறந்து வைத்துவிட்டதுபோல் ஓர் இருட்டு, அதில் மிதக்கும் இரண்டு கண்கள், அவ்வளவுதான். மச்சான் கம்பிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் சாய்ந்து தூங்குவான். இருவரில் யார் மூச்சு எது என்று பிரிக்க முடியாது.

அப்போதுதான் புது அதிகாரியம்மா வந்தார். புலி, சிறுத்தை மாதிரிப் பெரிய பூனைகள் தனியாக இருக்கக் கூடாது, ஜோடி கிடைக்கிற இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. மச்சான் சல்யூட் அடித்து, ஏழு கடல், மழைக்காடு, முதலை என்று ஒன்று விடாமல் அவரிடமும் ஒப்பித்தான். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அந்த வாரமே உத்தரவு வந்தது: கறுப்பனுக்கு இங்கே ஜோடி இல்லை, திங்கட்கிழமை வண்டி வரும்.

மச்சான் வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான்.

“ஏங்க, என் தம்பி தட்டத் தொடவே இல்ல. அந்தப் பூனைய எப்படியாவது நிறுத்துங்க” என்றாள் மனைவி.

“பூனை இல்லடி, பாந்தர்.”

“எதுவா இருந்தா என்ன? அவன் அழுவுறான்.”

அன்று அவன் வேலையையும் நான்தான் பார்த்தேன். சாயங்காலம் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தேன். இறங்குகிற வெயில் மேல் ஜன்னல் வழியாகச் சாய்ந்து கூண்டுக்குள் விழுந்தது. கறுப்பன் எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தான். முறிக்க முறிக்க, அந்தக் கறுப்புக்குள்ளிருந்து புள்ளிகள் மெல்ல மேலே வந்தன. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் போட்ட பூவேலை மாதிரி. பக்கத்தில் என் சோம்பேறியைப் பார்த்தேன். அதே வளையங்கள், வளையத்துக்கு நடுவே அதே வெற்றிடம். ஒரே தையல்காரர், துணிதான் வேறு. எனக்குத் தலை சுற்றியது. கட்டடமும் மரியாதைக்கு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

ஊழியர் வீடுகள் பின்சந்தில்தான். ஓடிப்போய் மச்சானைப் போர்வையோடு இழுத்துவந்தேன். சூரியன் எங்களுக்காகக் காத்திருந்தது.

“பாருடா!”

அவன் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

“எனக்குத் தெரியும் அத்தான். வந்த மறுநாளே பாத்துட்டேன்.”

“அடப்பாவி! பின்ன ஏன்டா வாயத் தொறக்கல?”

“தொறந்தா அது வெறும் சிறுத்த. நான் வெறும் சிறுத்தக்காரன். உங்கள மாதிரி.”

நியாயமாக நான் கோபித்திருக்க வேண்டும். ஆனால் போர்வைக்குள் நின்றபடி அவன் அதைச் சொன்ன விதத்தில் சிரிப்புதான் வந்தது.

“என்னை மாதிரி வெறும் சிறுத்தையா இருந்தா, பக்கத்துலயே ஜோடி இருக்கு, அது இங்கயே இருக்கும்டா. உன்னை மாதிரி பாந்தரா இருந்தா திங்கக்கெழம போயிடும்.”

கறுப்பன் கம்பியில் தாடையை உரசினான். மச்சான் போர்வையை என் தலையில் போட்டுவிட்டு அலுவலகத்துக்கு நடந்தான். வழியெல்லாம் மூக்கை உறிஞ்சினான், நான் பின்னாலேயே போனேன். யானைகள் திரும்பிப் பார்த்தன.

அதிகாரியம்மா கிளம்பிக்கொண்டிருந்தார்.

“மேடம், அது கடல் தாண்டியெல்லாம் வரல. முதலையும் கெடையாது. நான்தான் சும்மா அளந்தேன். புள்ளியப் பாத்தேன், பக்கத்துக் கூண்டுல இருக்கிற மாதிரியே வளையம், நடுவுல பொட்டு இல்ல. சிறுத்ததான்.”

அவர் கைப்பையைக் கீழே வைத்தார். “பாந்தர்னு தனியா ஒரு மிருகமே கிடையாதுப்பா. சிறுத்தை கறுப்பாப் பொறந்தாலும் அந்தப் பேருதான், கடல் தாண்டி அமெரிக்கக் காட்டுல இருக்கிற ஜாகுவார் கறுப்பாப் பொறந்தாலும் அந்தப் பேருதான். ஜாகுவார்னா வளையத்துக்குள்ள பொட்டு இருக்கும். நீ மழைக்காடு, முதலைன்னு அடிச்சுச் சொன்னியா, நான் ஜாகுவார்னே முடிவு பண்ணிட்டேன்.”

“மன்னிச்சுக்குங்க மேடம்.”

“வெளிச்சம் போறதுக்குள்ள வா, காட்டு.”

மருத்துவரும் வந்து பார்த்துத் தலையாட்டினார். வண்டி ரத்தாயிற்று. இரண்டு கூண்டுக்கும் நடுவே இருந்த தகரத்தை எடுத்துவிட்டு, பழகட்டும் என்று கம்பிவலையை மட்டும் விட்டார்கள். கறுப்பன் ஆசையாய் மூக்கை நீட்டினான். என் சோம்பேறி பிறந்ததிலிருந்து முதல்முறையாக வேகமாக எழுந்து, வலைமேல் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“அத்தான், உங்க பொண்ணு அடிக்கிறா!”

“மாப்பிள்ளைன்னா வாங்கிக்கணும்டா. நான் வாங்கல?”

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பெண்மணி அவனைக் கேட்டாள்: “இது என்னங்க மிருகம்?”

நான் பக்கத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். மச்சான் மார்பு நிறைய மூச்சை இழுத்தான். ஏழு கடலும் தொண்டைவரை வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. மெதுவாக மூச்சை விட்டான்.

“சிறுத்தைங்க” என்றான். “பொறக்கும்போது ராத்திரியக் கொஞ்சம் அதிகமாப் பூசிக்கிச்சு.”

சொல்லிவிட்டு, எனக்குக் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தான். நான் கேட்காததுபோல் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன்.