பைகளின் வரிசை

அந்தத் தூர நாட்டில் எல்லாம் ஒரு மருந்து வரிசையில்தான் தொடங்கியதாம். மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்த ஒருவர் சுருண்டு விழுந்து இறந்துபோனார். பின்னால் நின்றவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, வரிசை கலையாமல், அதிபர் மாளிகையைப் பார்த்து நடந்தார்கள். போகிற வழியில் ஊரே அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

இதை இந்த ஊர் மருத்துவமனைக் காவலாளிக்குச் சொன்னவர் ரேடியோ. மூச்சிரைப்புக்கு மருந்து வாங்க வருகிற பெரியவர். உலகச் செய்தி முழுக்க அவர் நாக்கு நுனியில் இருக்கும் என்பதால் வரிசையில் நிற்பவர்கள் வைத்த பெயர் அது.

“அங்க பத்திக்கிச்சுன்னா நமக்கென்ன பெரியவரே? கடல் தாண்டியா தீப்பொறி வரப்போகுது?” என்று சிரித்தான் காவலாளி.

“தீப்பொறி வராது தம்பி. பயம் வரும். அதுக்கு பாஸ்போர்ட் தேவையில்ல.”

பயம் சீக்கிரமே வந்துவிட்டது. மருத்துவமனை, ரொட்டிக்கடை, பேருந்து நிறுத்தம் என்று எங்கேயும் நான்கு பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. மருந்து ஜன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சுகளை போல்ட்டோடு கழற்றி எடுத்துப் போனார்கள். சிமெண்டுத் தரையில் ஓட்டைகள்தான் மிச்சம்.

வரிசை போனதும் முண்டியடிக்கத் தெரிந்தவனுக்கே மருந்து என்றானது. முதல் நாள் கூட்டத்தில் நசுங்கி வெறுங்கையோடு வெளியே வந்தவர்களில் காவலாளியின் அக்காவும் ஒருத்தி. மகளின் வலிப்புக்கு மாத்திரை வாங்க மாதாமாதம் வருபவள். ஒரு வேளை மாத்திரை தவறினாலும் அந்தப் பெண் எங்கே, எப்போது விழுவாள் என்று சொல்ல முடியாது.

“தம்பி வாசல்ல நிக்கிறான், அக்கா வெறுங்கையோட போறா. நல்லாருக்குடா உன் உத்தியோகம்!” என்றாள்.

அந்தச் சொல் அவனை இரவெல்லாம் குடைந்தது. விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. ஆட்கள்தானே நிற்கக் கூடாது? பைகள் நிற்கலாமே!

அன்றிலிருந்து ஜன்னலுக்கு முன்னால் பைகள் வரிசை கட்டின. துணிப்பை, பிளாஸ்டிக் பை, கைப்பிடி அறுந்து கயிறு கட்டிய தோல்பை. உடையவர்கள் தெருவின் எதிர்ப்பக்கம் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் தெரியாதது போல நின்றார்கள். முன்னால் இருக்கிற பை யாருடையதோ அவர் மட்டும் சாலையைக் கடந்து வருவார். சிலர் வெறும் பைகளை வைத்து இடம் பிடிக்க ஆரம்பித்தபோது காவலாளி கண்டிப்பாக ஒரு விதி போட்டான். மருந்து அட்டை உள்ளே இருந்தால்தான் அது பை. இல்லாவிட்டால் ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவான்.

“இந்தாம்மா, உன் பை என் பையை இடிக்குது. கொஞ்சம் மரியாதையா நிக்கச் சொல்லு,” என்பார் ரேடியோ, சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. யாரும் யாரையும் பார்க்காமலே சிரித்துக்கொள்வார்கள். அந்த முறை அக்காவுக்கு மாத்திரை கிடைத்தது.

அடுத்த முறை அவள் பச்சைப் பையை வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போன காலையில், மேற்பார்வையாளர் ஒரு வேனோடு வந்து இறங்கினார்.

“என்னய்யா இது?”

“பைங்க சார்.”

“அது தெரியுது. எவனோ படம் புடிச்சு ஊரெல்லாம் அனுப்பியிருக்கான். ஆளு நின்னா விரட்டலாம். ஆளே இல்லாம வரிசை நின்னா என்னய்யா அர்த்தம்? ஏத்து வண்டியில.”

“சார், எல்லாத்துலயும் மருந்து அட்டை இருக்கு...”

“பையை ஏத்துறியா, உன்னையும் சேத்து ஏத்தவா?”

அவன் ஏற்றினான். வேண்டுமென்றே மெதுவாக ஏற்றினான். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தர் ஒரு குரல் கொடுத்தால் போதும், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடலாம் என்று அவனுக்குள் ஓடியது. ஆனால் எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் கீழே போடட்டும் என்று காத்திருப்பதைப் போல. ரேடியோ குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பச்சைப் பை கைக்கு வந்தது. மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நின்றார். அதுவும் வண்டிக்குள் போனது.

வேன் போன பிறகு ஜன்னலில் போய்க் கெஞ்சினான்.

“அட்டை இல்லாம குடுத்தா என் சீட்டு கிழிஞ்சிடும்ண்ணே,” என்றாள் மருந்து கொடுப்பவள். “புது அட்டை டாக்டர்தான் போடணும். அவர் அடுத்த வாரம்தான் வருவாரு.”

“அந்தப் பைங்க எங்க போகும்?”

“போற பொருள் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல.”

சாயங்காலம் சீருடையைக் கூட மாற்றாமல் அக்கா வீட்டுக்குப் போனான். திட்டுவாள் என்று நினைத்தான், திட்டியிருந்தால் தேவலை. கடைசி மாத்திரை காலையிலேயே தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

தொலைக்காட்சியில் அந்தத் தூர நாட்டைக் காட்டினார்கள். அதிபர் விமானம் ஏறி ஓடிவிட்டார். சதுக்கம் நிறைய ஜனங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தியா மாமா, ஜெயிச்சுட்டாங்க!” என்றாள் அக்கா மகள். கல்லூரிக்குப் போக வேண்டிய வயது. வகுப்பில் விழுந்த பிறகு வீட்டோடு இருக்கிறாள். “இனிமே அங்க எல்லாருக்கும் மருந்து கிடைக்கும்ல?”

“கிடைக்கும்மா.”

“அப்ப எனக்கு அங்கயே ஒரு மாப்பிள்ளை பாரு.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அவனுக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

“பேசினது போதும். அந்த மேசையைப் பிடிடா,” என்றாள் அக்கா. இருவரும் மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். நாற்காலிகளை வெளியே போட்டார்கள். கட்டிலிலிருந்த மெத்தையைத் தரையில் விரித்து, இரும்புக் கால்களுக்குப் பழைய போர்வைகளைச் சுற்றிக் கட்டினார்கள். அக்கா, மகளை உட்கார வைத்து, அவள் தலையிலிருந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

பிறகு அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். தொலைக்காட்சி வைத்திருந்த குட்டை அலமாரியின் முனை கூராக நீட்டிக்கொண்டிருந்தது.

“அவங்க ஆடி முடிக்கட்டும்மா,” என்றாள் மகள்.

அக்கா ஒயரைப் பிடுங்கினாள். காவலாளி அலமாரியின் இன்னொரு பக்கத்தைத் தூக்கினான்.