புடலைக்குக் கட்டிய கல்

மாடசாமி அண்ணாச்சி வீட்டின் நிழல் ஒரு நாள் காலையில் செண்பகவல்லியின் கொல்லைக்குள் வந்து, அவளுடைய மேட்டுப்பாத்திகளின் மேல் உட்கார்ந்தது. மத்தியானம் ஆயிற்று. தெருவிலிருந்த மற்ற நிழல்களெல்லாம் அவரவர் காலடிக்குத் திரும்பின. இது மட்டும் எழுந்திருக்கவில்லை.

அந்த ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி பிறக்கும்வரை ஒரு நிழல் ஓரிடத்தை விட்டு எழுந்திருக்காவிட்டால் அந்த இடம் நிழலுக்குச் சொந்தம். அப்போது புரட்டாசி பாதி போயிருந்தது.

கொல்லை என்றால் ஜமீன் தோட்டம் இல்லை. இரண்டு கட்டில் போட்டால் நடக்க வழியிருக்காது. தோண்டினால் பாறை. அதனால்தான் செண்பகவல்லி செங்கல் அடுக்கி, உள்ளே மண்ணும் சாணமும் தேங்காய் நார்த்தூளும் கொட்டி, இடுப்பு உயரத்துக்குப் பாத்தி எழுப்பியிருந்தாள். கத்தரி, வெண்டை, ஓரமாக ஒரு பப்பாளி, பந்தலில் புடலை. மூன்று வருடமாகப் பூத்துப் பூத்து உதிர்ந்த புடலை இந்த வருடம்தான் ஒரே ஒரு பிஞ்சு வைத்திருந்தது. மகன் பிறந்தபோதுகூட அவள் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. அதை மகனிடமே சொல்லியிருக்கிறாள்.

முதலில் நிழலைத் துடைப்பத்தால் கூட்டினாள். மூலையில் குவிந்தது. முறத்தில் அள்ளப் போனாள். மறுபடி பரவிக்கொண்டது.

"எந்திரி," என்றாள்.

"இப்பதான் உக்காந்தேன்," என்றது நிழல்.

"எடம் எனக்கு வேணும்."

"எனக்கும் புடிச்சிருக்கு. இங்கன நல்லா நிழலா இருக்கு."

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டும் என்பது இதுதான். செண்பகவல்லி விடவில்லை. நிழலுக்கு மேலே போய்விடலாம் என்று பாத்திக்கு இன்னொரு வரிசை செங்கல் ஏற்றினாள். அன்று சாயங்காலமே அண்ணாச்சி வீடு ஒரு மாடி வளர்ந்தது. கொத்தனாரும் இல்லை, சிமெண்டும் இல்லை. அவள் இன்னொரு வரிசை வைத்தாள். வீடும் இன்னொரு மாடி வைத்தது. கடைசியில் அவள் ஏணி போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அண்ணாச்சி உச்சி மாடி ஜன்னலில் மூச்சு வாங்க நின்றார். அடுப்படி கீழேயே தங்கிவிட்டதால் காப்பி மேலே போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது என்று அவருக்கும் ஒரு குறை இருந்தது.

"அண்ணாச்சி, வீட்ட கொஞ்சம் நிப்பாட்ட மாட்டியளா?"

"நானா கெட்டுதேன்? அதுவா வளருது." அவர் சிரித்தார். "ஒன் காய்தான் வளர மாட்டேங்கு. செங்கல் பொட்டிக்குள்ள மண்ணப் போட்டு வெள்ளாமையாம், வெள்ளாம! அந்தா தொங்குதே, அதுதானா?"

சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலை நீட்டிப் பிஞ்சைக் காட்டினார்.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும். விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். புடலம்பிஞ்சு அந்த விரலைப் பார்த்துவிட்டது. பயத்தில் அப்படியே சுருண்டுகொண்டது.

செண்பகவல்லி பந்தலடியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் கல் தேடினாள். சுருளுகிற புடலையின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நேராக வளரும். ஆனால் இருந்த கோபத்தில் சின்னக் கல் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். நிழலுக்குள் கண் தெரியவில்லை. கையால் தடவி, நுனி என்று அகப்பட்டதைப் பிடித்து இறுக்கிக் கட்டினாள். தொட்டால் குளுகுளுவென்று இருந்தது. காய் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இறங்கிவிட்டாள்.

விடிந்தபோது கொல்லை முழுக்க வெயில்.

அவள் கட்டியது காயின் நுனியில் இல்லை. நிழலின் நுனியில். குழவியின் பாரத்தில் நிழல் நேராகிவிட்டது. அண்ணாச்சியின் மொட்டைமாடியிலிருந்து அவர் வீட்டுச் சுவரை ஒட்டியே தொங்கியது. கரும்பச்சை நிறம். நெடுக வெள்ளை வரி ஓடியிருந்தது.

"நானே கெளம்பணும்னுதான் இருந்தேன்," என்றது தொங்கிக்கொண்டே.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் வந்து அதை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். "நல்ல எளசுக்கா. இன்னைக்கே அறுத்துருங்க. முத்துனா நாராப் போயிரும்."

செண்பகவல்லி அறுத்தாள். மேல்முனையில் ஒரு முழத்தை மட்டும் விதைக்கு விட்டுவைத்தாள். மற்றதைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தாள். தெருவே இலை போட்டு உட்கார்ந்தது. அண்ணாச்சி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கம்மி என்றார். அவர் எதையும் முழுதாகப் பாராட்டியதில்லை.

ஐப்பசி பிறந்தது. கொல்லை செண்பகவல்லிக்கே நின்றது. வெண்டை தலைக்கு மேலே காய்த்தது. பப்பாளி பழுத்தது. கல் கட்டாமல் விட்ட புடலை பயம் தெளிந்து, வளையம் வளையமாக மாலை கணக்கில் வளர்ந்தது. தெருப் பெண்கள் அதை அவள் கழுத்தில் போட்டு, குலவையிட்டு, பெருமாள் கோவில் வரைக்கும் அழைத்துப் போய் வந்தார்கள். அவள் வெட்கப்படவில்லை. எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே நடந்தாள்.

அண்ணாச்சி வீட்டுக்கு மட்டும் நிழல் இல்லை. அங்கே இப்போது காப்பி ஆறவே மாட்டேன் என்றது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லை வாசலில் வந்து நின்றார்.

"தாயி, ஒரு வெத குடேன். வீட்டுக்குள்ள இருக்க முடியல."

செண்பகவல்லி சாம்பலில் புரட்டி வைத்திருந்த நிழல் விதைகளை உள்ளங்கையில் உருட்டினாள்.

"தாரேன். ஆனா தரையில போட்டா மொளைக்காதே, அண்ணாச்சி."

"பொறவு?"

அவள் விரலை மடக்கி, மரியாதையாக, அவருடைய உச்சி மாடியைக் காட்டினாள்.

"செங்கல் பொட்டி வேணும்லா."

அன்று சாயங்காலமே அண்ணாச்சி மேல்மாடியைப் பிரித்து, செங்கல்லை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கத் தொடங்கினார். ஏணியைச் செண்பகவல்லிதான் கொடுத்தாள். அவர் அடுக்க அடுக்க, பப்பாளித் துண்டைத் தின்றுகொண்டே பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வரிச," என்றாள்.