சந்தனம் வைத்த பின்விளக்கு

1

இந்தக் கதை ஒரு கொலையாக ஆரம்பித்தது. கொலை நடக்க மாட்டேன் என்றுவிட்டது, அதுதான் சிக்கல்.

1991, ஐப்பசி. காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு வாடகைக் காரில் மெட்ராஸ் திரும்பிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரம், தூறல். இருங்காட்டுக்கோட்டை அருகே எங்கள் டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். மூக்கு இடிக்கிற தூரத்தில் ஒரு வெள்ளை அம்பாசிடர். அதன் பின்விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் உள்ளே ஆவி படிந்து, அழுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ பீடி பற்றவைத்த மாதிரி ஒரு மங்கல்.

"கண்ணுல பூ உழுந்த வண்டிய இட்டுகினு ரோட்டுக்கு வந்துட்டான் பாரு" என்றார் டிரைவர்.

வாரப் பத்திரிகைக்கு நான் ஒரு கதை பாக்கி வைத்திருந்தேன். ஆசிரியர் கேட்டது மழை, கார், டிக்கி. டிக்கிக்குள் என்ன என்பது என் இஷ்டம். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டக்கூட இல்லை, எழுதினேன்:

மழை. நெடுஞ்சாலை. அந்த அம்பாசிடரின் டிக்கியிலிருந்து சொட்டியது தண்ணீர் இல்லை. அது—

அங்கேயே நின்றுவிட்டது பேனா. டிக்கி காலி. திறந்து திறந்து பார்க்கிறேன், ஸ்டெப்னி டயர்தான் இருக்கிறது. மனசு அந்த விளக்கை விட்டு நகர மாட்டேன் என்கிறது. அதற்குள் தண்ணீர் எப்படிப் போயிற்று? போனது ஏன் திரும்பி வரவில்லை?

(ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், இந்த வருஷம் என்றதும் நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். மே மாதம் அங்கே நடந்தது இதில் வராது. அதற்கு மறுநாளும் அந்த ஊர்களில் ஜனங்கள் குழம்பு தாளித்தார்கள், வண்டிக்குப் பல்பு மாற்றினார்கள். நான் அவர்கள் பின்னால் போகிறேன்.)

2

ஆட்கள் வேண்டும். இரண்டு பேரைப் போடுகிறேன்.

வண்டி ஓட்டுகிறவன் சுப்பராயன், மண்ணூர்க்காரன். தினம் சாயங்காலம் தொழிற்சாலை அதிகாரிகளை மெட்ராஸில் இறக்கிவிட்டுத் திரும்புகிறவன். விளக்கு பார்க்கிறவன் யாக்கோபு. மண்ணூர் கூட்டுரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வருஷம் பெயிலானவர்கள்.

"இன்னாடா யாக்கோபு, நேத்துதான தொடச்சி மாட்டுனே? இன்னிக்கி பாரு, மறுபடியும் உள்ள வேர்த்துகினு கீது."

"வேர்க்கலடா. உன்னாண்ட மாட்டிகினோமேன்னு அழுவுது."

"ஜோக்கு அப்புறம் அடி. பின்னாடி வர்றவனுக்கு என் வண்டி தெரியல. நேத்து ஒருத்தன் தலைய வெளிய நீட்டி என் குடும்பத்தையே இஸ்துட்டுப் போறான்."

விளக்குக்குள் ஆவி படிவது தப்பே இல்லை. பல்பு எரிந்தால் உள்ளே காற்று சூடாகிறது. மழை வெளியே கண்ணாடியைக் குளிரவைக்கிறது. உள்ளே இருக்கிற ஈரம் போய்க் கண்ணாடியில் உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்ச நேரம் எரியவிட்டால் தானாகக் கிளம்பிவிடும். கிளம்புவதற்கு ஒரு வழி இருந்தால் போதும். அதற்கென்றே சிவப்புக் கண்ணாடியின் அடி ஓரத்தில் கடுகு நுழைகிற அளவுக்கு ஒரு துளை விட்டிருக்கிறார்கள். முன்விளக்கின் வளையத்துக்கு அடியிலும் ஒன்று. (இதை எங்கள் டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "அது கூடத் தெரியாமலா கார்ல கொலை கொலையா எழுதறீங்க?" என்றார்.)

யாக்கோபு கண்ணாடியைக் கழற்றி வெயிலில் வைத்தான். வெயில் இல்லாத நாளில் மனைவி மெர்சியின் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் பிடித்துச் சூடு காட்டினான். ரப்பர் வாஷரைப் புதிதாகப் போட்டான். மறுநாள் சாயங்காலம் சுப்பராயன் மறுபடி வந்து நின்றான். முன்விளக்கில் புகை மாதிரி லேசான ஆவி. பின்விளக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"படப்பைல ஒருத்தன் கீறானாம். நல்லா பாக்கறானாம்" என்றான் சுப்பராயன், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அது யாக்கோபுக்குச் சுருக்கென்றது. பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தான். தலையைச் சாய்த்து, விளக்கின் அடியைப் பார்த்தான்.

சந்தனம். நடுவில் குங்குமம். இதுவரை நாலு தடவை இந்தக் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொட்டின் மேல் விரல் படாமல், மேல் விளிம்பைப் பிடித்துத்தான் கழற்றியிருக்கிறான். பொட்டைப் பார்த்தான். பொட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

துளை அங்கேதான் இருந்தது. சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி அதை அடைத்திருந்தது.

3

இங்கே காந்திமதி வருகிறாள். சுப்பராயனின் மனைவி.

முதல் வரைவில் இவளை எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? தலைவிரி கோலமாக வேப்பிலையும் கையுமாக— வேண்டாம், அடித்துவிட்டேன். பொய். அப்படி ஒருத்தி பத்திரிகைப் படங்களில்தான் நிற்பாள்.

ஆனி மாதத்தில் ஒரு லாரி, இதே சாலையில், பின்னாலிருந்து சுப்பராயன் வண்டியை உரசிக்கொண்டு போயிற்று. இடது தோள்பட்டை விலகியதோடு பிழைத்தான். அதற்கப்புறம் காந்திமதி தினம் சாயங்காலம் அடுப்பு வேலையோடு ஒரு காதைத் தெருவில் வைத்திருந்தாள். ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, நாலு விளக்குக்கும் அவளே சந்தனம் வைத்தாள். நடுவில் வைத்தால் வெளிச்சத்தை மறைக்கும் என்று யோசித்து, கண்ணாடியின் அடி ஓரமாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

நன்றாகக் கவனியுங்கள். வெளிச்சம் மறையக் கூடாது என்றுதான் அங்கே வைத்தாள்.

வைத்துவிட்டுச் சொன்னாள்: "அது தானா உதிரணும். யாரும் கைய வெக்காதீங்க."

அந்த 'யாரும்' என்ற சொல்லில் பூஜைக்கு வந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த யாக்கோபும் இருந்தான்.

4

"சொல்லிட்டு வர வேண்டிதுதான? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்றாள் மெர்சி.

"நீ சொல்லுவியா?"

"நான் இன்னாத்துக்குச் சொல்றது? நான் வயர் புடிக்கறவளா?"

"நம்ம நிலைல மாட்டியிருக்கற சிலுவைய காந்திமதி வந்து கழட்டி வெச்சான்னு வையி. இன்னா நெனைப்பே?"

மெர்சி வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தினாள். "ஏன் கழட்டினான்னு கேப்பேன்."

"அவ காரணம் சொல்றா. கரெக்டாதான் சொல்றா. அப்புறம்?"

"அப்புறம்…" என்றாள். வெங்காயத்தை மறுபடி எடுத்தாள். "அன்னிக்கி ராத்திரி பாய்ல படுத்துகினு, ஏன் இவ கழட்டினான்னு இன்னொரு வாட்டி கேப்பேன்."

அவ்வளவுதான் விஷயம். யாக்கோபு கைவைத்து, அடுத்த வாரம் லாரி வந்து இடித்தால், சுப்பராயன் ஒன்றும் சொல்லமாட்டான். காந்திமதியும் வாயால் சொல்லமாட்டாள். ஆனால் தெருவில் ஒரு குரலாவது கேட்கும்: 'வேதக்காரன் கை வெச்சான்.' கை வைக்காமல் இருந்து லாரி வந்து இடித்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அவன் மட்டும் தனக்குத் தானே சொல்லிக்கொள்வான், சாகிற வரைக்கும்.

(இந்த இடத்தில் எழுந்துபோய்க் காபி போட்டேன். எனக்கு யாக்கோபு மேல் சந்தேகம் வந்துவிட்டது. என் தொடர்கதை நாயகர்கள் இவ்வளவு யோசிக்கமாட்டார்கள்; அத்தியாய முடிவுக்குள் யாரையாவது அறைந்துவிடுவார்கள். இவனை அவசரப்படுத்தலாம் என்று 'யாக்கோபு ஆவேசமாக எழுந்து—' என்று ஆரம்பித்தேன். எழவில்லை. குந்திக்கொண்டே இருந்தான்.)

கடைசியில் கோணூசியை எடுத்தான். சாக்கு தைக்கிற நீள ஊசி. கண்ணாடியைக் கழற்றி, உள்ளிருந்து துளை வழியே மெல்லக் குத்தினான். வெளியே பொட்டு உதிராமல், தலைமுடி அளவுக்கு ஒரு வழி. நாலு விளக்குக்கும் அப்படியே. திருடன் மாதிரி வியர்த்தது.

இரண்டு நாள் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. சுப்பராயன் ஒரு பொட்டலம் மசால் வடையோடு வந்தான்.

"இன்னாடா பண்ணே?"

"வாஷர் மாத்துனேன்."

"இத மொத நாளே மாத்தறதுக்கு இன்னா நோவு உனக்கு?"

யாக்கோபு வடையைத் தின்றான்.

வெள்ளிக்கிழமை வந்தது. காந்திமதி வண்டிக்குச் சூடம் காட்டக் குனிந்தாள். வலது பின்விளக்கில் சந்தனம் விரிசல் விட்டு, பாதி பெயர்ந்திருந்தது. லாரி உரசிய அதே பக்கம்; அவளுக்கு அது கெட்ட சகுனமாகப் பட்டது. அவள் கணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இன்னும் கெட்டியாகச் சந்தனம் அரைத்தாள். ஒட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று ஒரு சிட்டிகை அரிசிமாவும் சேர்த்தாள். நாலு விளக்குக்கும், அதே இடத்தில், முன்னைவிடத் தடிமனாக வைத்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்த மழை திங்கட்கிழமை வரை விடவில்லை.

"வந்து பாருடா!" என்று சுப்பராயன் கொட்டகை வாசலில் கத்தினான். "அரை டம்ளர் தண்ணி நிக்குது. ரெண்டு மீன் வுட்டா வளரும். இதான் நீ வாஷர் மாத்துன லட்சணமா?"

5

முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு, லாரி. உங்களிடம் மறைப்பானேன், முதல் பக்கத்திலிருந்தே அதைத் தயாராக வைத்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில், இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கிறது. ஜல்லி லோடு. ஒரு பக்க வைப்பர் வேலை செய்யாது. எழுதியும் பார்த்தேன்: லாரிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். முன்னால் ஏதோ சிவப்பாக, இல்லை, சிவப்பு மாதிரி ஒன்று—

விட்டுவிட்டேன். வேறு ஆளாக இருந்தால் முடித்திருப்பேன். தோள்பட்டை இன்னும் சரியாகாதவன் சுப்பராயன்.

இரண்டாவது: வெள்ளிக்கிழமை அவள் வைக்கிறாள், சனிக்கிழமை இவன் குத்துகிறான். ஆயுள் பூராவும். சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு விரிசலையும் அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். பயம் ஏற ஏற மாவும் ஏறும்.

மூன்றாவது: யாக்கோபு சுப்பராயனிடம் சொல்லிவிடுகிறான். சுப்பராயன் சிரித்துக்கொண்டே கட்டை விரலால் சுரண்டி எறிந்துவிடுவான், அவன் சுபாவம் அது. வண்டி பத்திரமாகப் போய் வரும். அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள்? அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஆக, அவளிடம்தான் சொல்ல வேண்டும். அவன்தான் சொல்ல வேண்டும்.

நான் இதுவரை எழுதிய கதைகளில் ஒரு சந்தும் விட்டதில்லை. யார், எங்கே, எந்தக் கத்தி, எல்லாவற்றையும் கடைசிப் பாராவுக்குள் அடைத்து மெழுகிவிடுவேன். வாசகர்களும் அதைத்தான் பாராட்டி எழுதுவார்கள். இந்தக் கதையை எடுத்ததிலிருந்து அந்தப் பாராட்டு அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

6

அடுத்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம். தூறல். சுப்பராயன் வீட்டு வாசலில் வண்டி தயார். காந்திமதி சந்தனக் கிண்ணத்தோடு பின்விளக்கின் முன் குந்தியிருக்கிறாள். யாக்கோபு எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறான்.

"இன்னாண்ணா, நனைஞ்சிகினு நிக்கற? உள்ள போ. அவரு கெளம்பிகினு கீறாரு."

"உன்னாண்டதாம்மா வந்தேன்."

"என்னாண்டயா?" சிரித்தாள். "நான் இன்னா ஃபீஸ் போன பல்பா?"

அவன் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் குந்தினான். விளக்கைத் தொடாமல், விரலால் காட்டினான்.

"இங்க ஒரு ஓட்டை கீதும்மா. தண்ணி எறங்கற வழி. உன் சந்தனம் அது மேல உக்காந்துகினு கீது. அதான் வெளிச்சம் செத்துப்போவுது."

காந்திமதி கிண்ணத்தைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.

"அப்ப… நானா? நானாண்ணா மறைச்சேன்?"

"போன வாரம் விரிசல் வுட்டிருக்குமே, அது நான்தான். ஊசி வெச்சிக் குத்துனேன். உன்னாண்ட சொல்லல. அது கெட்ட சகுனம் இல்லம்மா, பயப்படாத."

தூறல் கிண்ணத்துக்குள் விழுந்தது. அவன் குரலை இறக்கினான்.

"வெக்காதன்னு சொல்லல. விளக்குல வேணாம். ஒரு விரக்கடை மேல, தகரத்துல வெய்யி."

அவள் விரல் நுனியில் சந்தனம் தயாராக இருந்தது. அதைத் தகரத்தின் பக்கம் கொண்டுபோனாள். நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"தள்ளி வெச்சா காப்பாத்துமாண்ணா?"

இந்தக் கேள்வியை நான் எழுதவில்லை; அவளே கேட்டுவிட்டாள். கேட்டது பூசாரியை இல்லை, புருஷனை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்தில் முழங்கால் போடுகிறவனை.

யாக்கோபுக்காக 'காப்பாத்தும்மா' என்று எழுதினேன். அடித்தேன். புளியமரத்தடி லாரி எனக்குத் தெரியும். அவனுக்கும் அந்தச் சாலை தெரியும். 'அது எனக்கு எப்படிம்மா தெரியும்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன், உண்மைதான், ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவள் இன்றைக்கு இரவு எப்படி அடுப்பு மூட்டுவாள்?

நீங்கள் சொல்லுங்கள். அவனுக்குக் காது கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறீர்கள்.

உள்ளே சுப்பராயன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறான். "ஏய் காந்தி, சாவிய எங்க வெச்சே?" என்று கத்துகிறான். அவள் எங்கேயும் வைக்கவில்லை. நான்தான் எடுத்துவைத்திருக்கிறேன், உங்களுக்காக. ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது.