ஓடைப் பக்கம் இழுக்கும் கார்

அஜந்தன், வயது இருபத்துமூன்று, இருப்பது சார்ஜாவில் ஒரு மரப்பட்டறையில். பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஓடையை ஒட்டிய கடைசிக் காம்பராவில் அக்கா யசோதினியும் அவள் மகள் விதுஷாவும் இருந்தார்கள். மழைக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விதுஷா வீடியோவில் வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாமா, நீங்க செஞ்சு குடுத்த காரு சரியில்ல. நம்ம காம்பராவுல ரேஸ் விட்டா ஓடைப் பக்கமே இழுக்குது."

போன லீவில் லயத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பலகைத் துண்டுகளில் அந்தக் கார்களைச் செய்தவன் அவன். காம்பராவின் சிமெண்டுத் தரையில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, கார் கோட்டை விட்டு விலகாமல் ஓடும்வரை பிள்ளைகளைச் சக்கரம் தேய்க்க வைத்தான்.

"சக்கரம் ஒரு பக்கம் தேஞ்சிருக்கும். அடுத்த பக்கத்தையும் கொஞ்சம் தேய்."

"தேய்ச்சிட்டேன் மாமா. ரமேஸ் காரும் அப்படித்தான் போகுது. எல்லாரு காரும்தான். செவத்துல முட்டி ரமேஸ் காருக்கு மூக்கே இல்ல."

"அதுக்கு எப்ப மூக்கு இருந்துச்சு?" என்று சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். எல்லாருடைய காருமா?

"தங்கம், கார திருப்பி வச்சு அடுப்படியில இருந்து வாசலுக்குத் தள்ளு."

சக்கரத்தில் கோளாறு என்றால், திரும்பிய கார் எதிர்ச்சுவருக்குத்தான் போக வேண்டும். அது மறுபடியும் ஓடைச் சுவரிலேயே போய் முட்டியது.

"இப்ப ஓடைப் பக்கம் பாத்து வச்சு கைய எடு. தள்ளாத."

கார் ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்ல உருளத் தொடங்கியது. விதுஷா கைதட்டினாள். "மாமா, தானாவே போகுது!"

அஜந்தன் சாப்பாட்டைத் தள்ளி வைத்தான். லீவில் அதே தரையில் வைத்த கார் வைத்த இடத்திலேயே நின்றது. கார் கெடவில்லை. தரைதான் சாய்ந்திருக்கிறது.

"அம்மாவ கூப்பிடு. சீக்கிரம்!"

யசோதினி ஈரக் கையோடு வந்தாள். தகரத்தில் மழை இரைந்தது. சுவரில் வெடிப்பு ஏதும் உண்டா என்று அவன் கேட்டதும் ஓடைச் சுவரைக் காட்டினாள். மூலையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதில் பழைய துணி அடைத்திருந்தது.

"தண்ணி வருதுன்னு அடைச்சேன்டா."

"அக்கா, மண்ணு எறங்குது. புள்ளைய தூக்கிட்டு வெளிய போ."

"வெளையாட்டுக் கார வச்சு மண்ணு எறங்குதுன்னு கண்டுபிடிச்சவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான். இந்த மழையில எங்கடா போக? வெளிய சொன்னா லயமே சிரிக்கும். அத்தான் வேல முடிஞ்சு வரட்டும்."

"அதுவரைக்கும் இருக்காத அக்கா! கெஞ்சிக் கேக்குறேன்..."

திரை உறைந்தது, அழைப்பு அறுந்தது. திரும்ப எடுத்தான், போகவில்லை. ரமேஸின் அப்பா முருகையாவின் எண்ணுக்கும் இணைப்பு கிடைக்கவில்லை. எழுத்தெழுத்தாகத் தட்ட நேரமில்லாமல், லயத்து வாட்ஸ்அப் குழுவில் மைக்கை அழுத்திப் பேசினான். பேசப்பேசப் போன் எழுதிக்கொண்டே வந்தது.

"நான் அஜந்தன், யசோதினி தம்பி. இத மொதல்ல யாரு பாத்தாலும் சரி, கடைசிக் காம்பராவுக்கு ஓடுங்க. தரை ஓடைப் பக்கம் சாஞ்சிருச்சு, செவரும் வெடிச்சிருக்கு. அக்கா சண்ட போடும், காதுல வாங்காதீங்க. நாளைக்கு எல்லாருமா சேந்து என்னையப் பாத்து சிரிங்க, பரவாயில்ல. இப்ப அவங்க ரெண்டு பேரையும் பள்ளிக்கூட வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்களும் லயத்துல நிக்காதீங்க."