ஹாரனுக்குப் போட்ட பந்தல்

பந்தல் கயிற்றை அவள் கத்தியால் அறுத்ததும் அத்தை கத்தினாள்.

"பெத்த அப்பன் படுத்திருக்கான்டி. பைத்தியமா உனக்கு?"

அவள் அடுத்த கயிற்றுக்குப் போனாள். கடைசி வீட்டுத் தையல்காரியின் மருமகளுக்கு மாதம் நிறையும் முன்பே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்துசேர நேரமாகும் என்று சொல்லிவிட்டார்கள். சந்தின் ஒரே வேன், அப்பாவின் சரக்கு வேன், உள்ளே நின்றது. அதற்கும் சாலைக்கும் நடுவில் பந்தல், நாற்காலிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா.

அப்பாவுக்குச் சந்துக்காரர்கள் வைத்த பெயர் ஹாரன். யாராவது வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் வாசலில் போய் நின்று சந்தே அதிரக் கத்தி மானத்தை வாங்கிவிடுவார். எந்தக் கல்யாணத்துக்கும் வழியை அடைத்துப் பந்தல் போட விட்டதில்லை. முன்பு அப்படி ஒரு பந்தலைத் தாண்ட முடியாமல்தான் அவள் அம்மா வயிற்றுப் பிள்ளையோடு இந்தச் சந்திலேயே போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு, தக்காளி ஏற்றியிருந்தாலும் சரி, பிரசவம் என்றால் சரக்கை இறக்கிப் போட்டுவிட்டு வேனை எடுத்துவிடுவார். அவர் படுக்கையில் விழுந்ததும் சாவி அவள் கைக்கு வந்தது.

இன்று அவர்மேல் இருந்த பாசத்தில் எல்லோரும் சேர்ந்து சந்து முழுவதையும் அடைத்துப் பந்தலைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த அவளும் கவனிக்கவில்லை.

நாற்காலிகள் மளமளவென்று மடங்கின. பெட்டியருகே வந்ததும் கைகள் நின்றன. அவனைப் போய் எப்படி நகர்த்துவது, எடுத்த பிறகு போகலாமே என்றார் பெரியப்பா.

"தூக்குங்க பெரியப்பா. ஊரையே நகரச் சொன்னவரு. அவரு நகர மாட்டாரா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். ஒரு மூலையை அத்தையே பிடித்தாள். அப்பா பக்கத்து வீட்டு வாசலுக்கு ஒதுங்கினார். தையல்காரியையும் மருமகளையும் ஏற்றிக்கொண்டு அவள் ஓட்டிய வேன் அவரை உரசாமல் போனது.

போகும்போதே தையல்காரி ஆஸ்பத்திரிக்குப் போனில் பேசி, மருமகளின் ரத்த வகையையும் சொல்லிவிட்டாள். வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. மருமகளை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே நின்றபோதுதான் அப்பாவை விட்டுவிட்டு வந்தது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் திரும்பிப் போகக் கால் வரவில்லை.

வெகுநேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு உசுரும் பத்திரம். பொண்ணு. சத்தம் கேக்குதா?"

கேட்டது. அந்தத் தளமே திரும்பிப் பார்க்கிற சத்தம்.

"ஹாரனேதான்," என்று தையல்காரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டோம் அப்பா என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்பாவை எடுத்துக்கொண்டு போயிருப்பார்களோ என்று பயந்துகொண்டேதான் திரும்பினாள். போகவில்லை. பந்தலை யாரும் மறுபடி கட்டவும் இல்லை. மொத்தக் கூட்டமும் வெயிலில் இருபக்கச் சுவரோடு ஒட்டி நின்றது. சந்தின் நடுவில் செருப்பைக் கழற்றிப் போட்ட ஒருவரை, ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லி அத்தை அதட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வேனைப் பின்பக்கமாகவே உள்ளே கொண்டுபோய், சாலையைப் பார்க்க நிறுத்தினாள். பிறகு இறங்கி அப்பாவிடம் போனாள்.