லஸாத் எழுதிய நாற்பது

லஸாத் பொய் சொன்னது வாத்துகளுக்காக. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மனிதரை அநியாயமாகத் திட்டித் தீர்த்துவிடுவீர்கள்.

உம்முர்ரீஷ் ஏரி, பாதுகாக்கப்பட்ட இடமென்று அரசாங்கம் பலகை வைத்த ஏரி. அவர் அதன் காவலர். ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே தங்க வரும் வெள்ளைத்தலை வாத்துகளை எண்ணி மேலிடத்துக்கு எழுத வேண்டும். இடது பையில் கொண்டைக்கடலையை நிரப்பிக்கொள்வார். பத்து வாத்துக்கு ஒரு கடலை வலது பைக்கு மாறும். வேலைக்குச் சேர்ந்த வருடம் அறுபத்திரண்டு கடலை மாறியது. அறுநூற்று இருபது என்று பெருமையாக எழுதியனுப்பினார். ஆபீஸில் எந்தப் புண்ணியவான் யார் காதில் போட்டானோ, பத்தே நாளில் தலைநகர் துனிஸிலிருந்து துப்பாக்கிகளோடு நாலு ஜீப் வந்து நின்றன. தடுக்கப் போனவரைச் சேற்றில் தள்ளினார்கள். அன்று சாயங்காலம் நாணலுக்குள் எழுபது வாத்துகளைப் பிணமாகப் பொறுக்கினார்.

அடுத்த வருடத்திலிருந்து நாற்பது என்றுதான் எழுதினார். எட்டு வருடமும் நாற்பது. நாற்பது வாத்துக்காக எவன் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவான்? ஒரு ஜீப்பும் வரவில்லை. வாத்துகள் ஆயிரத்தைத் தாண்டின.

இப்போது மாவட்டத்துக் குப்பையைக் கொட்ட நகராட்சி இடம் தேடி, ஏரியிலிருந்து முந்நூறு மீட்டரில் கண்டுபிடித்துவிட்டது. ஆய்வறிக்கையில், ‘பறவை வரத்து அற்பம், ஆண்டுக்கு நாற்பது’ என்று ஒரு வரி. ஆதாரம், லஸாத்தின் கையெழுத்து.

“போய் உண்மையைச் சொல்லிடு,” என்றாள் மனைவி வஸீலா, ரொட்டியை ஹரீஸா மிளகாய் விழுதில் தோய்த்தபடி.

“பொய்க் கணக்கு எழுதினவன்னு வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கடி.”

“தூக்கட்டும். ஒளிச்சு வச்சவன் நீதானே? நீயேதான் வெளிய எடுக்கணும்.”

ஜூன் மாதம் நகராட்சி மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்டார்கள். லஸாத் எழுந்தார்.

“அந்த நாற்பது பொய்ங்க. வேட்டைக்காரனுங்க வரக் கூடாதுன்னு நான்தான் குறைச்சு எழுதினேன். ஆயிரத்துக்கு மேல இருக்குங்க. வல்லாஹி, அல்லா மேல ஆணை!”

ஆய்வு செய்த எஞ்சினியர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியா? வாங்க, இப்பவே போய்ப் பார்ப்போம்.”

“இப்ப... இப்ப இருக்காதுங்க. குளிர்காலத்துலதான் வரும்.”

மண்டபமே சிரித்தது. “கண்ணுக்குத் தெரியாத வாத்துடா!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

“எட்டு வருஷமா பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க,” என்றார் அந்த அம்மா, சாந்தமாகத்தான். “இன்னைக்குச் சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?”

லஸாத் உட்கார்ந்துவிட்டார். நியாயமான கேள்விதானே!

வேலை போகவில்லை. அதுதான் கொடுமை. அவரைத் தண்டித்தால் கணக்கு பொய்யென்று ஆகிவிடும். அறிக்கையும் கூடவே படுத்துவிடும். மேலதிகாரி ஷெத்லி தனியே கூப்பிட்டு, “உன் நாற்பதுதான்யா உண்மை. வாயை மூடிட்டு வேலையைப் பாரு,” என்றார். லஸாத் நீட்டிய ராஜினாமா கடிதத்தை வாங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டினார்.

செப்டம்பரில் லாரிகள் வர ஆரம்பித்தன. முதல் மழைக்கே குப்பைமேட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஏரிக்கு இறங்கியது. நாணல் தலைகளில் பிளாஸ்டிக் பைகள் படபடத்தன. மேலே காக்கைகள், கடற்புறாக்கள், புகை.

ஜனவரி வந்தது. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை லஸாத் கரையைச் சுற்றினார், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு. நம்ப முடியாமல் இன்னொரு சுற்றும் சுற்றினார். வலது பைக்கு நாலு கடலை மாறியிருந்தது.

ஷெத்லி போனில் கேட்டார். “எத்தனைய்யா?”

“நாற்பதுங்க.”

“வழக்கமா இருக்கறதுதானே? ஒண்ணும் குறையலையே?”

லஸாத்தின் கை இடது பைக்குள் இருந்தது. மாறாத கடலைகள் பை நிறையக் கிடந்தன.

“இல்லைங்க,” என்றார். “குறையலை.”