தொடாமலே விழுந்தவள்

லிஃப்ட் சோதிக்கிறவளை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதே என்று தலையாட்டிவிட்டுப் போகிற ரகமில்லை அவள். மணல் மூட்டைகளை ஏற்றி, மேலே கொண்டுபோய், பிரேக் பிடிக்கிறதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். வீட்டில் கணவன் வைத்த பட்டமே 'சந்தேகத் திலகம்'. பால் பொங்கிவிட்டது என்று அவன் சொன்னால்கூட அடுப்படிவரை வந்து எட்டிப் பார்ப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் காதிலேயே ஒரு மனிதர் வருஷக்கணக்கில் பூச்சுற்றியிருக்கிறார். பாரம்பரிய சீனக் குங்ஃபூ கற்றுத் தருகிறேன் என்று வெள்ளைப் பட்டுச் சட்டையில் உலாவியவர். சுவர் நிறைய தாடிவைத்த பெரியவர்களின் படங்கள். அவர் ஒரு கையகலத் தூரத்தில் நின்று உள்ளங்கையை நீட்டினால் போதும், மாணவர்கள் தொப்பென்று விழுவார்கள். அவளும் விழுந்தாள். நெஞ்சில் காற்று மோதியது போலிருந்தது என்று வீட்டில் வந்து சத்தியம்கூடச் செய்தாள்.

பிறகு ஒரு பஸ் டிரைவர் புதிதாக வந்து சேர்ந்தார். விழ வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பட்டுச்சட்டைக்காரர் உள்ளங்கையை நீட்டினார். டிரைவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"ஆரம்பிச்சிட்டீங்களா சார்?"

அன்றோடு அவள் அங்கே போவதை நிறுத்தினாள். குங்ஃபூ ஆசை மட்டும் போகவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை வேலையில் வந்தது. பிரேக் சரியாகப் பிடித்தாலும் பேனா நகர மறுத்தது. இல்லாத காற்றை நெஞ்சில் உணர்ந்தவள், இருக்கிற பிரேக்கை மட்டும் எப்படி நம்புவது? ஊரார் உயிருக்குக் கையெழுத்துப் போட நமக்கு என்ன யோக்கியதை என்று உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு குங்ஃபூப் பள்ளியையாவது இந்தத் தடவை சரியாக எடை போட்டுவிட வேண்டும் என்று கிளம்பினாள்.

"இதுவும் புருடான்னா பேசாம நீச்சலுக்குப் போயிடு," என்றான் கணவன். "தண்ணி யாரையும் ஏமாத்தாது."

புதிய பள்ளி ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றம். உள்ளே ஒரு படம்கூட இல்லை. ஆணியில் தரை துடைக்கிற மாப்புதான் தொங்கியது. நடத்துகிறவர் பல் டாக்டர், காலையில் வகுப்பை முடித்துவிட்டுத்தான் கிளினிக்கைத் திறப்பாராம்.

"உங்களுக்கு யார் கத்துக் குடுத்தாங்க?" என்று நேராகவே கேட்டாள்.

"என் குருவைச் சொல்வேன். அவரோட குருவையும் சொல்வேன். அதுக்கு மேல கேட்டீங்கன்னா, அவங்க எனக்கு விட்ட கதையை நான் உங்களுக்கு விடணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். நன்றாகப் பேசுகிறவர்களிடம்தான் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள்.

இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி, ஒருவரையொருவர் நிலைகுலைய வைக்கப் பார்த்தார்கள். டாக்டருக்கு எதிரே குண்டான ஒரு பேங்க் குமாஸ்தா அம்மா. அந்த அம்மா மெல்ல வளைந்து கொடுத்து, எதிர்பாராத நேரத்தில் ஒரு தள்ளு தள்ளினார். டாக்டர் பின்பக்கமாகவே போய், தண்ணீர் வாளியில் காலை விட்டு, பொத்தென்று உட்கார்ந்தார்.

யாரும் பதறவில்லை. டாக்டர் ஈரக் காலோடு எழுந்து, "இரு, இரு. எங்க மாட்டினேன்? இன்னொரு தடவை செய்," என்றார். அவர் கண்ணில் அப்படி ஓர் ஆவல்.

பட்டுச்சட்டைக்காரர் ஒருநாள்கூட விழுந்ததில்லையே என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்களும் வாங்களேன்," என்றார் டாக்டர்.

எதிரே போய் நின்றாள். அவர் கையைத் தூக்கினார். அடுத்த நொடி அவள் தரையில் கிடந்தாள்.

டாக்டர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் இன்னும் தொடவே இல்லையேம்மா."

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. எடை போட வந்த இடத்தில் தன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டதே! பட்டுச்சட்டைக்காரருக்குச் சக்தி எங்கேயிருந்து வந்தது என்று இத்தனை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். வேறெங்கேயும் இல்லை, அவளுடைய முழங்காலில்தான் இருந்திருக்கிறது.

"பழைய இடத்துல பழகினது," என்றாள். "விழணும்னு நான் நினைக்கவே இல்லை. அதுவா விழுது."

டாக்டர் சிரிக்கவில்லை. பல்லில் எங்கே வலி என்று கேட்கிற தோரணையில் பக்கத்தில் குந்தினார். "விழறதுக்கு முன்னாடி என்ன நடக்குது? பார்த்துச் சொல்ல முடியுமா?"

அவளிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. எழுந்து நின்றாள். அவர் கை வந்தது. முழங்கால் மடங்கப் பார்த்தது. மடங்கப் பார்ப்பது அவளுக்கே தெரிந்தது. பல்லைக் கடித்து நின்றாள். உள்ளங்கை தோளில் பட்டது. நிஜமான கை, நிஜமான கனம். தடுமாறிப் பின்னால் போய்ச் சுவரில் முதுகு இடிக்க நின்றாள். மாப்பு கழன்று தலையில் விழுந்தது.

வலித்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கை பட்டதற்கும் படாததற்கும் இவ்வளவு வித்தியாசமா!

"விழலையே!" என்று கைதட்டினார் குமாஸ்தா அம்மா.

"அப்புறம்?" என்றார் டாக்டர். "எங்களை எடை போடத்தானே வந்தீங்க. என்ன முடிவு பண்ணீங்க?"

அவள் மாப்பை எடுத்து ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து அவர் எதிரே காலை அகட்டி நின்றாள்.

"ஒரு தடவை பார்த்துட்டுக் கையெழுத்துப் போடற ஆள் இல்லை நான்," என்றாள். "மறுபடி தள்ளுங்க."